கோட்டைக்கார ரதி

“ஊசியைப் பாக்காதேங்கோ. கோட்டையைப் பாருங்கோ.”

சொல்லிக்கொண்டே ரதி ரப்பர் பட்டியை முழங்கைக்கு மேலே இழுத்து இறுக்கிவிடுவாள். கோட்டை எதிர்ச் சுவரில் தொங்குகிறது. பெரிதாக்கிச் சட்டம் போட்ட ஒரு புகைப்படம். கறுப்புப் பலகை அடித்த சுவர்கள், அடுக்கடுக்கான கூரைகள், சுற்றிவர அகழி, அகழித் தண்ணீரில் அதே கோட்டை தலைகீழாக, பின்னால் பனி மூடிய மலைகள். கதிரையில் இருப்பவரின் கண் அதில் போய் நின்றதும், ரதி ஒரு விரலால் நரம்பைத் தடவிக்கொண்டே ஆளை மெல்பேர்னிலிருந்து கிளப்பி ஜப்பானில் இறக்கிவிடுவாள்.

“இது மட்சுமோட்டோ. டோக்கியோவில இருந்து ரெயினில ரெண்டரை மணித்தியாலம். ஸ்டேசனால வெளிக்கிட்டு நேர நடந்தியள் எண்டால் ஒரு ஆறு வரும். ஆத்தங்கரையில தவளைத் தெரு. பகிடி இல்லை, தவளைக்குச் சின்னதா ஒரு கோயிலே கட்டி வைச்சிருக்கிறாங்கள்.”

தவளைக்குக் கோயில் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்குள் ஊசி உள்ளே போய்விடும். முதல் குழாய் நிரம்புகிற நேரத்தில் ஆள் சிவப்புப் பாலத்தடியில் நிற்பார். அடுத்த குழாயில் சப்பாத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போய், போரில் சுட்ட பழைய துவக்குகள் வைத்திருக்கும் மாடியைப் பார்ப்பார். இன்னொரு குழாய் இருந்தால் மூன்றாம் மாடி. “வெளியில நிண்டு எண்ணினால் அஞ்சு மாடிதான். உள்ளுக்கு ஏறினால் ஆறு. இந்த மூண்டாவதுக்கு யன்னலே இல்லை. எதிரி எண்ணிப் பாத்து ஏமாறோணும் எண்டு கட்டினது. எப்பிடி மூளை பாருங்கோ!” எதிரி ஏமாந்துகொண்டிருக்கும்போதே வேலை முடிந்துவிடும்.

ரதிக்கு ஐம்பத்தேழு வயது. மெல்பேர்ன் புறநகரான கிரான்பர்னில் கடைத்தொகுதிக்குப் பின்னால் இருக்கும் ஒரு மருத்துவ நிலையத்தில், பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கிற வேலை. விடிந்ததும் விடியாததுமாக வெறும் வயிற்றோடு ஆட்கள் வந்து வாசலில் சிடுசிடுத்துக்கொண்டு நிற்பார்கள். தமிழர், பஞ்சாபிகள், ஆப்கானியர், அந்த இடம் வெறும் புல்வெளியாக இருந்த காலத்திலிருந்தே அங்கே வாழும் வெள்ளைக்காரக் கிழவர்கள். எல்லோருக்கும் ஒரே கோட்டைதான். வெள்ளைக்காரர்களுக்கு மட்டும், “லுக் அட் மை காசில், டார்லிங்.” நோகாமல் குத்துகிறவள் என்று ஊருக்குள் பெயர். அந்தப் பெயரில் அவளுக்கு நல்ல பெருமை. யாருக்காவது இரண்டாம் தரம் குத்த நேர்ந்தால் அன்று அவளுக்கு மத்தியானச் சாப்பாடு இறங்காது.

ஆனால் கோட்டை வருவதற்கு முன்னால் இந்தப் பெயரால் அவளுக்கு ஒரு நன்மையும் கிடைத்ததில்லை. கல்யாண வீட்டில் அவளைக் கண்டால் ஆட்கள் தங்களை அறியாமலே முழங்கையைத் தடவிக்கொள்வார்கள். தங்கள் சீனியும் கொழுப்பும் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும் என்ற நினைப்பில் லட்டுத் தட்டைப் பின்னால் மறைப்பார்கள். உண்மையில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. குழாயில் பெயர் ஒட்டி அனுப்புவதோடு அவள் வேலை முடிந்தது. அதைச் சொன்னாலும் யார் நம்புகிறார்கள்? ஒரு மேசையில் போய் அவள் உட்கார்ந்தால், அங்கே சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒழுங்காக உட்கார்ந்து மரக்கறி சாப்பிடத் தொடங்குவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முந்திய நவம்பரில் கணவர் புவனேஸ்வரனோடு ஜப்பானுக்குப் போய்வந்த பிறகுதான் நிலைமை மாறியது. டோக்கியோவையும் கியோட்டோவையும் எல்லோரும் பார்க்கிறார்கள். மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு பழைய கோட்டை நகரத்தை அவர்கள் வட்டாரத்தில் வேறு யாரும் பார்த்திருக்கவில்லை. ரதி பார்த்தாள். பார்த்ததோடு விடாமல் தினமும் வாய் ஓயாமல் சொன்னாள். வெள்ளைச் சுவர் வைத்த பழைய பண்டகசாலைகள் வரிசையாக நிற்கும் தெரு. நடுத்தெருவில் ஊறிக்கொண்டே இருக்கும், யாரும் போத்தலில் பிடித்துக் குடிக்கலாம் என்ற ஊற்றுக்கிணறு. மீன் வடிவில் சுட்டு விற்கிற இனிப்பு. “மீனெண்டு பயப்பிடாதேங்கோ. உள்ளுக்கு எங்கட மோதகம்தான்.” ஜப்பான் போகிறவர்கள் எல்லாம் போகுமுன் அவளைத் தேடி வந்தார்கள். எந்த ஹோட்டல், மரக்கறிச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது, ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா? ரதி அக்காவைக் கேள், ரதி அன்ரியைக் கேள் என்றானது. கல்யாண வீட்டு மேசையில் இப்போது அவளுக்கு இடம் பிடித்து வைத்தார்கள். லட்டுத் தட்டு அவளிடமே நீட்டப்பட்டது.

“என்ர கோட்டை” என்றுதான் சொல்லுவாள். எழுதி வாங்கியவள் போல.

இந்த வருடம் ஏப்ரலில் அந்தக் கோட்டைக்குள் ராஜகுமாரி புகுந்தாள்.

ராஜகுமாரி வீடு விற்பவள். கிரான்பர்னில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அவளுடைய முகத்தில்தான் முதுகைச் சாய்க்கிறார்கள். எல்லா வாங்கின் சாய்மானப் பலகையிலும் அவளுடைய விளம்பரம். ரதியைவிட ஆறேழு வயது இளமை. வாய் நிறையச் சிரிப்பு, கை நிறைய வளையல், எந்தக் கூட்டத்திலும் நடுவில் நிற்கிற ராசி. அவளும் கணவனும் ஜப்பானுக்குப் போனார்கள். போனது போகட்டும், மட்சுமோட்டோவுக்கும் போனார்கள். அதுவும் போகட்டும், செர்ரி பூக்கிற நேரம் பார்த்துப் போனார்கள். வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்து விழுந்தன. கறுப்புக் கோட்டை அதேதான். ஆனால் அகழி முழுவதும் இளஞ்சிவப்புப் பூ. தண்ணீரில் பூ, மரத்தில் பூ, ராஜகுமாரியின் தலைமயிரில் பூ. சாமுராய் வேடம் போட்ட ஒருவன் வாளை உருவிப் பக்கத்தில் நிற்க, அவள் பட்டுச் சேலையில் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள்.

ரதிக்கு வயிறு எரிந்தது. இதை வேறு மாதிரி மெழுகிச் சொல்வதில் பயனில்லை. படங்களை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒரு குறை தேடினாள். சனக்கூட்டம் தெரிந்தது, அது ஒரு ஆறுதல். ஒரு படத்தில் ராஜகுமாரி கண்ணை மூடியிருந்தாள். அது இன்னொரு ஆறுதல். மற்றபடி படங்கள் அழகாகத்தான் இருந்தன, அதுதான் கொடுமை. குசினிக்குள் நின்று புவனேஸ்வரனிடம், “பூ எண்டால் எல்லாருக்கும் வடிவாத்தான் இருக்கும். பூவில்லாமல் வடிவா இருக்கிறதுதான் கோட்டை” என்றாள். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். இயந்திரங்களோடு பழகிப் பழகி, கேட்ட கேள்விக்குக்கூடக் குறைவாகவே பதில் சொல்கிறவர். இது கேள்வியும் இல்லை. அவர் தேநீரைக் குடித்தார்.

அடுத்த வாரமே அந்தப் பூ ரதியின் தொழிலிலும் கைவைத்தது. கதிரையில் வந்து உட்கார்ந்த ஒரு பெண் சுவரைப் பார்த்து, “ஓ, இது ராஜகுமாரி போன இடமெல்லோ!” என்றாள். ரதிக்கு முகம் சுண்டிப்போனது. மறுநாள் இன்னொருத்தி, “உங்கட படத்தில பூவில்லையே அக்கா, பிழையான நேரம் போட்டியள்” என்று துக்கம் விசாரித்தாள். தவளைத் தெரு என்று தொடங்கினால், “தெரியும் தெரியும், வீடியோவில பாத்தனான்” என்கிறார்கள். தெரிந்த கதைக்கு யார் சிரிப்பார்கள்? சிரிக்காத கை இறுகும். இறுகிய கையில் நரம்பு ஒளிக்கும். அந்த மாதம் இரண்டு பேருக்கு இரண்டாம் தரம் குத்தினாள். அதையும் ராஜகுமாரியின் கணக்கில்தான் எழுதிக்கொண்டாள்.

இதையெல்லாம்கூட விழுங்கியிருப்பாள். விழுங்க முடியாமல் போனது ஜெயரட்ணம் அங்கிள் செய்த காரியம். எழுபத்துமூன்று வயது. மாதமொரு முறை நூலக மண்டபத்தில் தமிழ் மூத்தோரைக் கூட்டி, வடையும் பேச்சுமாக ஒரு மாலையை நடத்துகிறவர். சீனி வியாதிக்காரர், மூன்று மாதத்துக்கொரு தரம் ரதியிடம் கை நீட்டுகிறவர். ஒவ்வொரு தரமும் கோட்டையை அடிமுதல் கேட்டு, “அருமை, அருமை” என்று தலையாட்டுவார். ஒருநாள் அவர் தன்னை மண்டபத்தில் பேசக் கூப்பிடுவார் என்று ரதி காத்திருந்தாள். அதற்கென்றே ஒரு சேலைகூட எடுத்து வைத்திருந்தாள். அவர் கூப்பிட்டது ராஜகுமாரியை. பேச்சு மட்டுமல்ல, வருகிற ஏப்ரலில் பதினெட்டுப் பேரை ஜப்பானுக்குக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பும் அவளுக்கே. “நீங்களும் கேக்க வாங்கோ பிள்ளை, உங்களுக்கும் பிரியோசனமா இருக்கும்” என்று ரதிக்கு ஒரு அழைப்பு வேறு. பிரயோசனமாம்!

ரதி போனாள். எடுத்து வைத்திருந்த அதே சேலையைக் கட்டிக்கொண்டு போய், தேநீர் மேசைக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் புவனேஸ்வரனோடு உட்கார்ந்தாள். ராஜகுமாரி எங்கே பிழைவிடுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். சும்மா சொல்லக்கூடாது, ராஜகுமாரி நன்றாகப் பேசினாள். வீடு விற்கிற வாய். திரையில் படம் மாற மாற, முன்வரிசைக் கிழவிகள் ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புப் பாலம், அன்னம் நீந்தும் அகழி, நிலாப் பார்ப்பதற்கென்றே கோட்டையோடு சேர்த்துக் கட்டிய மண்டபம், எல்லாம் வந்தன. ஆனால் எல்லாம் வெளியே நின்று எடுத்த படங்கள். “உள்ளுக்குப் படம் எடுக்க விடமாட்டாங்கள்” என்று ராஜகுமாரி கடந்து போனாள். ரதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் போன அன்று உள்ளே எல்லோரும் படம் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

ராஜகுமாரி கையை விரித்தாள். “ஆனா மேல, ஆறாவது மாடியில, ஒரு சின்ன வெண்கல மணி இருக்கு. மலையைப் பாத்துக் கும்பிட்டுப்போட்டு அதை அடிக்கோணும். நினைச்சது நடக்கும். நானும் அடிச்சனான்!”

மண்டபம் கைதட்டியது. ரதிக்கு மட்டும் கை எழவில்லை.

ஏனென்றால் அங்கே மணி கிடையாது. அது ரதிக்கு நன்றாகத் தெரியும். அந்த மணியைச் செய்தவளே அவள்தான்.

நடந்தது இதுதான். கோட்டை வாசலில் எல்லோரும் சப்பாத்தைக் கழற்றுவதைக் கண்டதும், கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய்ப் பழகிய ரதி சப்பாத்தோடு காலுறையையும் கழற்றிவிட்டாள். காலுறையோடு உள்ளே போய் அவளுக்கு வழக்கமில்லை. காலுறை இரண்டையும் சுருட்டிச் சப்பாத்துக்குள் திணித்து, சுவரோரமாக வைத்துவிட்டு நடந்தாள். காவலுக்கு நின்ற பெண் சப்பாத்தை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்து, குனிந்து குனிந்து அதைக் கையில் கொடுத்தாள். பையைக் கையில் பிடித்தாளே தவிர ரதி காலுறையைத் திரும்ப மாட்டவில்லை. சுற்றிவர அத்தனை பேர் காலுறையோடு நடந்தும் அது அவள் கண்ணில் படவில்லை. நவம்பர் மாதம். யன்னல்களுக்குள்ளால் பனி மலைக் காற்று. நூற்றாண்டுகளாக நடந்து நடந்து மழமழப்பான மரத்தரை. இரண்டாம் மாடியில் உள்ளங்கால் எரிந்தது. மூன்றாம் மாடியில் எரிச்சலும் நின்றுவிட்டது. நான்காம் மாடியில் ஏணி மாதிரிச் செங்குத்தான படி வந்தபோது, வைத்த கால் மரத்தில் இருக்கிறதா காற்றில் இருக்கிறதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ரதி ஒதுங்கி, ஒரு தூணடியில் உட்கார்ந்துவிட்டாள். தடித்த கம்பளிக் காலுறையோடு புவனேஸ்வரன் மேலே போய்வந்தார்.

“மேல என்ன இருந்தது?”

“ஒண்டுமில்லை. காத்து.”

இதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் பெயரவில்லை. காலுறை கையில் இருந்த பைக்குள்தான் இருந்தது, அதை மாட்டியிருக்கலாமே என்ற யோசனை ரதிக்கு டோக்கியோ திரும்பும் ரெயினில்தான் வந்தது. தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் மாடி வரைக்கும் கண்டதைச் சொன்னாள். பெரும்பாலான கைகளுக்கு அதுவே போதும். ஒருநாள் நரம்பு சுருங்கிய ஒரு கிழவர் வந்தார். நிறையக் குழாய்கள், இரத்தமோ சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. நான்காம் மாடி முடிந்தும் குழாய் முடியவில்லை. “அதுக்கு மேல என்ன பிள்ளை?” என்று கேட்டார். காற்று என்று சொல்லவா முடியும்? ரதி ஒரு மணியைக் கட்டித் தொங்கவிட்டாள். கிழவரின் முகம் மலர்ந்தது, குழாயும் நிரம்பியது. அதன்பிறகு நிறையக் குழாய்க்காரர்கள் எல்லோரும் மணி அடித்துவிட்டுத்தான் இறங்கினார்கள். போன வருடம் ராஜகுமாரியும் அதே கதிரையில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அந்த மணியைக் கேட்டவள்தான்.

ஆக, ராஜகுமாரியும் மேலே ஏறவில்லை.

கைதட்டல் ஓய்வதற்குள் ரதிக்கு இது விளங்கிவிட்டது. பல மாதங்களாக வயிற்றில் எரிந்துகொண்டிருந்ததில் யாரோ ஒரு வாளி தண்ணீர் ஊற்றியது மாதிரி இருந்தது. எழும்பி நின்று கத்த வேண்டும்போல் வந்தது. என்னவென்று கத்துவது? மணி இல்லை என்றால், பிறகு ஏன் கதிரையில் வைத்து மணிக்கதை சொன்னாய் என்று ரதியைத்தான் முதலில் கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டு தேநீர் ஊற்றப் போனாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் புவனேஸ்வரன் காரை ஓட்டிக்கொண்டே, “மணியோ? நான் காணேல்லையே” என்றார். “நீங்கள் எதைத்தான் கண்டனீங்கள்?” என்று ரதி சீறினாள். அவர் சிக்னலைப் போட்டுத் திரும்பினார்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் ரதி நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். ஏப்ரலை நினைத்தாலே இனித்தது. ராஜகுமாரி கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறுவாள். பின்னால் பதினெட்டுப் பேர் மூச்சிரைக்க ஏறுவார்கள். மேலே போய்ச் சுற்றிச் சுற்றித் தேடுவார்கள். மணி எங்கே ராஜகுமாரி? அந்த நேரத்தில் அந்த முகத்தைப் பார்க்கக் கிடைத்தால் போதும் என்று ரதி ஆசைப்பட்டாள். பயணத்துக்குப் பேர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் பரிசோதனைக்காக அவளுடைய கதிரைக்குத்தான் வந்தார்கள். “உண்மையா நாங்களும் மணி அடிக்கலாமோ அக்கா?” என்றார்கள். “ஏன் அடிக்க ஏலாது? நல்லா அடியுங்கோ” என்று ரதி உற்சாகமாகச் சொன்னாள்.

செப்டெம்பரில் ஜெயரட்ணம் அங்கிள் வந்தார். வழக்கத்தைவிட மெலிந்திருந்தார். முழங்காலுக்குப் பட்டி போட்டிருந்தார். கேட்காமலே சொன்னார். “பிசியோவிட்டைப் போறனான் பிள்ளை. படியேறப் பழகிறன். மகளுக்குக் கலியாணமாகி ஒன்பது வருசம், ஒண்டும் தங்கேல்லை. அவ கோயில் குளமெண்டால் சிரிப்பா. இது ஜப்பான் மணிதானே, நான் பேசாமல் போய் அடிச்சுப்போட்டு வந்திடுவன்.”

ரதியின் விரல் நரம்பின்மேல் அப்படியே நின்றது. அந்த நான்காம் மாடிப் படி கண்முன் வந்தது. அதில் இந்த முழங்கால் ஏறுவதும் வந்தது. “என்ன பிள்ளை, இண்டைக்குக் கோட்டை இல்லையோ?” என்று அவர் கேட்டார். அவள் தவளைத் தெருவோடு நிறுத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து இனிப்பு கசந்துபோனது. மணி இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால், ரதி அக்கா சொன்னதைத்தான் நானும் சொன்னேன் என்று ராஜகுமாரி தப்பிவிடுவாள். தப்புவது மட்டுமில்லை, மணியைக் கட்டியவள் ரதி என்ற கதை வாட்ஸ்அப்பில் ஏறும். அதற்குப் பிறகு யார் அவளுடைய கோட்டையைப் பார்ப்பார்கள்? பழையபடி முழங்கையைத் தடவிக்கொண்டு மரக்கறி சாப்பிடுவார்கள். சொல்லாவிட்டால் அந்த மனுசன் ஏறுவார். ஒருநாள் தொலைபேசியை எடுத்து, ராஜகுமாரி என்ற பெயர்வரைக்கும் போய், அவள் முகப்பில் வைத்திருந்த அந்தப் பூத்த கோட்டைப் படத்தைக் கண்டதும் கோபம் வந்து திரும்பவும் வைத்துவிட்டாள்.

ஒக்டோபரில் ராஜகுமாரியே வந்தாள்.

வாய் நிறையச் சிரிப்போடு வருகிறவள் அன்று வெளிறிப்போயிருந்தாள். ஊசி என்றால் அவளுக்குச் சரியான பயம். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே கதிரையில் இருந்து, வளையல்களை மேலே தள்ளிக் கையை நீட்டினாள். “ரதி அக்கா, கெதியாக் கோட்டையைச் சொல்லுங்கோ. எனக்கு இப்பவே மயக்கம் வருது.”

ரதி பட்டியைக் கட்டினாள். “நீங்கள் போய்ப் பாத்தனீங்கள்தானே. நீங்கள் சொல்லுங்கோ, நான் கேக்கிறன்.”

ராஜகுமாரி கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள். தவளைத் தெரு வந்தது. மீன் இனிப்பு வந்தது. பாலம் வந்தது. “பூவெண்டால் பூ, அக்கா. ஆனா அப்பிடிச் சனம். உள்ளுக்குப் போற கியூ சுத்திச் சுத்தி ரெண்டு மணித்தியாலம் எண்டு போட்டிருந்தாங்கள். இவருக்கு நிக்க ஏலாது, ரெயினுக்கும் நேரமாச்சு...” அதோடு நின்றுவிட்டாள். “பிறகு... பிறகு போனனாங்கள்தான்.”

“ஓமோம்” என்றாள் ரதி. நரம்பு கிடைத்துவிட்டது. குத்தவில்லை. எத்தனை இரவு இந்தக் கணத்தைக் கற்பனை செய்து சிரித்திருப்பாள்! எந்த வழியாக மேலே ஏறினாய், படி எப்படி, மணியின் கயிறு என்ன நிறம் என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். கேள்விகள் நாக்கு நுனியில் வந்து நின்றன. ராஜகுமாரி நீட்டிய கையை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தாள். ஊசிக்கா, கேள்விக்கா என்று ரதிக்குத் தெரியவில்லை.

“அந்த மேல் மாடி மணி இருக்கெல்லே” என்றாள் ரதி. ஊசியின் மூடியைக் கழற்றினாள். “அதைக் கழட்டிப் போட்டாங்களாம்.”

“ஆர்... ஆர் சொன்னது?”

“போன கிழமை ஒராள் பிளட் குடுக்க வந்தவர். ஜப்பானுக்குப் போட்டு வந்தவராம். ஏதோ திருத்த வேலையாம். எப்ப திரும்பப் போடுவாங்கள் எண்டு தெரியாதாம்.”

ராஜகுமாரி நீளமாக மூச்சை விட்டாள். அந்த மூச்சோடு கையும் தளர்ந்தது. ரதி ஊசியை நோகாமல் இறக்கினாள்.

“ஓமக்கா” என்றாள் ராஜகுமாரி, கண்ணைத் திறக்காமலே. “நான் அடிக்கேக்கையே அது லொடலொடவெண்டு ஆடிக்கொண்டுதான் இருந்தது. இவருக்கும் சொன்னனான், இது கன நாளைக்கு நில்லாதெண்டு.”

ரதிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து பழைய எரிச்சலும் வந்தது. மணியைக் கட்டியதும் அவள், கழற்றியதும் அவள். அதிலும் ராஜகுமாரி தன்னைவிட ஒரு மாடி கூடுதலாக ஏறிவிட்டாளே! லொடலொடவென்று ஆடியதாம். இது ஏன் தனக்குத் தோன்றவில்லை?

“அப்ப குரூப்பில போட்டு விடுங்கோ” என்றாள், குழாயை மாற்றிக்கொண்டே. “ஜெயரட்ணம் அங்கிளுக்குத் தனியா ஒருக்கா எடுத்துச் சொல்லுங்கோ. மேல ஏற வேண்டாம். பாலத்தடியில நிண்டு மலையைப் பாத்துக் கும்பிட்டாலும் போதுமாம் எண்டு சொல்லுங்கோ.”

“சொல்லுறன்.” ராஜகுமாரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். சுவரில் இருந்த பூவில்லாத கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சின்னக் குரலில், “நீங்களும் வாங்கோவன் அக்கா. வெளி எல்லாம் நான் காட்டுவன். உள்ளுக்க... உள்ளுக்கு எனக்கு உங்களைப் போலச் சொல்ல வராது” என்றாள்.

ரதி ஊசியை உருவிப் பஞ்சை வைத்தாள். அழுத்திப் பிடிப்பதற்காக ராஜகுமாரி மற்றக் கையைக் கொண்டுவந்தாள். ரதி அந்தக் கையை விலக்கிவிட்டுத் தன் பெருவிரலைப் பஞ்சின்மேல் வைத்தாள். வெளியே யாரோ காத்திருந்து இருமினார்கள்.

“விடுங்கோ அக்கா, நான் பிடிக்கிறன். நோகுது.”

“கொஞ்சம் நோகும்” என்றாள் ரதி. விரலை எடுக்கவில்லை.